டாக்டருக்குப் படிக்கணும்னா: பிளஸ் ஒன் குரூப்பில் இருந்து கவுன்சலிங் லிஸ்ட் வரை

சேலம் அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பதினாலு வருஷமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மே மாதம் தொடங்கினால் ஆகஸ்ட் வரை கடையில் ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் எந்த குரூப் போடலாம் என்று கேட்டு ஒரு கூட்டம் வரும், ஜூன் நடுவில் நீட் ரிசல்ட்டோடு இன்னொரு கூட்டம், அப்புறம் கவுன்சலிங்குக்கு சாய்ஸ், அதாவது வேண்டிய கல்லூரிகளின் வரிசை, போடுகிறவர்கள். நான் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை, அப்ளிகேஷன் போடுகிறவன். ஆனால் யார் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். நானே சறுக்கவிட்ட கதை ஒன்றும் இருக்கிறது, பின்னால் வருகிறது.

முதலில் குரூப். நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் போன் பண்ணி, "பொண்ணு டாக்டருக்குப் போகணுங்கறா, காலேஜ்ல என்ன மேஜர் எடுக்கறதுன்னு குழப்பமா இருக்குடா" என்றான். அங்கே முதலில் நாலு வருஷ டிகிரி. அதில் வரலாறோ இசையோ எதை மேஜராக எடுத்தாலும் தடையில்லை, கூடவே பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பாடங்களை லேபோடு முடித்துவிட்டு எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் நாலு வருஷ மருத்துவக் கல்லூரி. யோசிக்க நிறைய அவகாசம். நம் ஊரில் அதே முடிவைப் பதினைந்து வயசுப் பிள்ளை ஹெச்.எம். ரூம் வாசலில் நின்றபடி, பக்கத்து வீட்டு அக்கா என்ன எடுத்தாள் என்று யோசித்து, அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறது. நம்ம ஊர் மேஜர் என்பது பிளஸ் ஒன் குரூப்தான்.

நீட் எழுத பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் வேண்டும். அதற்கு நம் பள்ளிகளில் இரண்டு வழி: கணக்கோடு சேர்ந்த பயோ-மேத்ஸ், அல்லது தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக வரும் ப்யூர் சயின்ஸ். "டாக்டருக்குத்தானே போறான், கணக்கு எதுக்குங்க" என்று பெரும்பாலான அப்பாக்கள் ப்யூர் சயின்ஸைக் கேட்கிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. நீட்டில் மொத்தம் 180 கேள்வி, 720 மார்க், அதில் பயாலஜிக்கு 360 போனாலும் பிசிக்ஸுக்கு 180 இருக்கிறது. நம் பிள்ளைகள் கவிழ்கிற இடம் அந்த 180-தான். வெக்டர், திரிகோணமிதி, கொஞ்சம் கால்குலஸ் இதெல்லாம் கை வராமல் பிசிக்ஸ் கணக்கு ஓடாது. தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கழியும், அதனால் குத்துமதிப்பாகத் தட்டிவிட்டும் வர முடியாது. தவிர, பயோ-மேத்ஸ் படித்த பிள்ளைக்கு மருத்துவம் அமையாவிட்டால் இன்ஜினியரிங் கதவு திறந்திருக்கும், ப்யூர் சயின்ஸில் அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்பட்டுவிடுகிறது. கணக்கென்றால் ராத்திரி தூக்கம் வராத பிள்ளை என்றால் மட்டும் ப்யூர் சயின்ஸ் போடுங்கள், அது நல்ல முடிவுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்த பிறகு மனசு மாறுகிறவர்களும் உண்டு. பயாலஜியைப் பின்னால் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் வழி விட்டிருக்கிறது. ஆனால் அது அவசரத்துக்கு ஏறிக் குதிக்கிற கொல்லைப்புறச் சுவர், முன்கூட்டியே அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு விஷயம். ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கிற பள்ளிகளை நம் ஊரில் பிராய்லர் பள்ளி என்று கிண்டல் செய்வார்கள், கிண்டல் செய்துவிட்டு அங்கேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் படித்து வருகிறது என்றால், பிளஸ் ஒன்னுக்கு அதை வேறு பள்ளிக்கு மாற்றும் முன் நூறு தடவை யோசியுங்கள். மருத்துவ இடங்களில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். எட்டு வரை ஆர்.டி.இ. என்கிற கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதில் இருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, ஏற்காட்டு மலையில் இருக்கிற பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. இந்த ஒரு வரி தெரியாமல் ஏமாந்தவர்கள் சேலத்தில் ஏராளம். "கவர்மென்ட் சம்பளந்தானே வாங்கறாங்க, கவர்மென்ட் ஸ்கூல்தானே" என்று கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்ல. இந்த ஒதுக்கீட்டில் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால்கூட கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

அடுத்தது சான்றிதழ். இதைப் பிளஸ் டூ முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பிளஸ் ஒன்னிலேயே தொடங்குங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க்‌ஷீட்டில் பின்னால் இருக்கும், ரேஷன் கார்டில் அப்பா பெயரே வேறு எழுத்தில் இருக்கும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு படிவத்தில் தனியாக வாங்க வேண்டும், நம் தாசில்தார் ஆபீஸில் கொடுக்கிற வழக்கமான பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி மக்களுக்கு (கேரளாக்காரர்கள் இல்லை, நம் மலைவாழ் மக்கள்) எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை, ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், கொடுக்க வேண்டும், விசாரணை எல்லாம் முடிய நாளாகும்.

இரண்டு வருஷம் முன்பு அப்படி ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். ஏற்காட்டில் இருந்தும் உள்ளே தள்ளி ஒரு ஊர், காலையில் முதல் பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பத்து மணிக்கு என் கடை வாசலில் நிற்கிறார்கள், கையில் ஒரு மஞ்சப்பையில் சான்றிதழ், இன்னொரு பையில் எனக்காகக் கொஞ்சம் மிளகு. சான்றிதழ் எல்லாம் சுத்தமாக இருந்தது, பெண் அவ்வளவு கவனமானவள். அப்ளிகேஷனில் கடைசிப் பக்கம் வரை போய்விட்டோம், ஓ.டி.பி. கேட்டது. பதிவு செய்திருந்த நம்பர் அம்மாவுடையது, அந்த போன் மலையில் இருக்கிறது, அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, தோட்டத்துக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். ஊரில் டீக்கடைக்காரருக்குப் போன் போட்டு, அவர் ஒரு பையனை அனுப்பி, அம்மா பாறை ஏறி நம்பரைப் படித்துச் சொல்வதற்குள் ஓ.டி.பி. காலாவதி. நாலு முறை இப்படி. ஐந்தாவது முறை வேலை நடந்தபோது மணி நாலு, அந்தப் பெண் அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எதிர்க்கடையில் இருந்து தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். ஆகவே நம்பரும் இமெயிலும் கவுன்சலிங் முடிகிறவரை பிள்ளையின் கையிலேயே இருக்கிறதாகக் கொடுங்கள். கடைக்காரன் நம்பரைக் கொடுக்காதீர்கள், என் நம்பரையும்தான்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் கடைக்கு வருகிற பத்து குடும்பத்தில் எட்டுக்கு ஒரே திட்டம்தான்: எம்.பி.பி.எஸ். இரண்டாவது திட்டம் என்ன என்று கேட்டால் அபசகுனமாகப் பேசுகிற மாதிரி பார்ப்பார்கள். நீட் ரிசல்ட் வந்த சாயங்காலம்தான் இரண்டாவது திட்டத்தைப் பற்றி முதல் பேச்சே எழும், அழுதுகொண்டே எடுக்கிற முடிவு அது. நான் சொல்வது இதுதான்: நீட் எழுதுவதற்கு முன்னால், ஏப்ரலிலேயே, பிள்ளையை உட்காரவைத்து ஒரு பேப்பரில் மூன்று படிப்பை வரிசையாக எழுதவைத்து பீரோவில் வையுங்கள். ஏப்ரலில் ஏன் என்றால், பல அப்ளிகேஷன்கள் நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. கால்நடை மருத்துவம் நல்ல உதாரணம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கில் பயாலஜிக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்த்து 100, ஆக 200-க்குக் கட் ஆஃப். ஐந்தரை வருஷப் படிப்பு, முடித்தால் அதுவும் டாக்டர்தான். தலைவாசலில் ஒரு கல்லூரி, நாமக்கல்லில் இன்னொன்று, இரண்டுமே நமக்கு எட்டுகிற தூரம். இருந்தும் நீட் வரட்டும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்து கடைசித் தேதியைத் தவறவிட்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது உண்டு.

இதனாலேயே பிளஸ் டூ பொதுத்தேர்வை அலட்சியம் செய்யக் கூடாது. நீட் கோச்சிங்கில் இருக்கிற பிள்ளைகள் "போர்டுல பாஸானா போதும்" என்று ஒரு வசனம் பேசுவார்கள். பாஸானால் போதாது. கால்நடை, வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், யோகா-இயற்கை மருத்துவம் எல்லாம் அந்த மார்க்கை வைத்துத்தான் இங்கே சேர்க்கை நடக்கிறது. சித்தாவுக்கும் ஹோமியோபதிக்கும் நீட் வேண்டும், சித்தர் கோவில் ரோட்டிலேயே சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்காத கோபத்தில் சித்தா சேராதீர்கள், அதில் ஆசை இருந்தால் சேருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது வருஷத்தில் தெரியும் என்று அங்கே படித்த ஒரு பையன் சொன்னான்.

இன்னொரு வருஷம் எழுதலாமா என்ற கேள்விக்கு என் அளவுகோல் மார்க் இல்லை, ரேங்க். மார்க் வருஷத்துக்கு வருஷம் குதிக்கும். 2024-ல் திருத்திய ரிசல்ட்டில் முழு 720-ம் எடுத்தவர்களே 17 பேர், 2025-ல் வினாத்தாள் கடினம், நாட்டிலேயே முதலிடம் 686. இந்த இரண்டு வருஷத்தின் கட் ஆஃப் மார்க்கை அருகருகே வைத்து ஒப்பிட்டால் பைத்தியம்தான் பிடிக்கும். தமிழ்நாடு தேர்வுக் குழு வெளியிடும் பட்டியலில் பொது ரேங்க்கும் சமூக வாரி ரேங்க்கும் இருக்கும், உங்கள் பிரிவில் போன வருஷம் கடைசி இடம் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பாருங்கள். அதற்குப் பக்கத்தில் இருந்தால் இன்னொரு முறை எழுத அர்த்தம் இருக்கிறது. வெகு தூரம் என்றால், ஏதாவது டிகிரியில் சேர்ந்துகொண்டே எழுதட்டும், நீட் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், வயது வரம்பும் மேலே கிடையாது. செர்ரி ரோட்டில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது, விலங்கியலோ தாவரவியலோ சேர்ந்தால் படித்தது வீணாகாது. மூன்றாவது முறையாக லாங் டேர்ம் கோச்சிங்குக்கு நகையை அடகு வைக்க வருகிறவர்களைப் பார்க்கிறபோது எனக்கு வயிறு கலங்கும், சொன்னால் கேட்பதும் இல்லை.

கவுன்சலிங்குக்கு வருவோம். இரண்டு வாசல் இருக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதை எம்.சி.சி. என்கிற மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு நடத்துகிறது. மீதி 85 சதவீதம் மாநில கவுன்சலிங், நம் 69 சதவீத இடஒதுக்கீடு இங்கேதான். தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடும் நிர்வாக ஒதுக்கீடும் இந்த மாநில கவுன்சலிங்கிலேயே வரும். ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதாவது டீம்டு, முழுக்க எம்.சி.சி. வழியாக மட்டுமே. சேலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. விநாயகா மிஷன் கிருபானந்த வாரியார் கல்லூரி டீம்டு, அன்னபூரணா தனியார் கல்லூரி. இரண்டும் ஒரே ஊரில் இருந்தாலும் வாசல் வேறு, வாரியார் கல்லூரியின் பெயரை மாநில லிஸ்ட்டில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கட்டணமும் அப்படியே. அரசுக் கல்லூரியில் டியூஷன் சில ஆயிரம், தனியாரில் அரசு ஒதுக்கீடு என்றால் வருஷம் நாலு லட்சத்துக்கு மேல், டீம்டுகளில் 20 லட்சத்தைத் தாண்டுகிற இடங்களும் உண்டு, அதற்குப் பதிவு செய்யும்போதே 2 லட்சம் டெபாசிட் கட்ட வேண்டும்.

இப்போது என் சறுக்கல். அக்கா மகளுக்கு நான்தான் சாய்ஸ் போட்டேன். போன வருஷக் கணக்கை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "கோயம்புத்தூர் உனக்கு வராது கண்ணு, எதுக்கு வேஸ்ட்டா போடணும்" என்று அந்தப் பெயரை லிஸ்ட்டில் இருந்து எடுத்துவிட்டேன். முதலில் சேலம், அடுத்து தர்மபுரி, அப்புறம் நாமக்கல், கிருஷ்ணகிரி என்று "வருகிற" கல்லூரிகளாக அடுக்கினேன். தர்மபுரி வந்தது. அலாட்மென்ட் பட்டியல் வெளியானபோது, அதே பிரிவில் அவளுக்குப் பதினோரு ரேங்க் பின்னால் இருந்த யாரோ ஒரு பிள்ளை கோயம்புத்தூரில் சேர்ந்திருந்தது. இரண்டாம் சுற்றில் போட்டுப் பார்த்தோம், அதற்குள் அங்கே அவள் பிரிவில் இடமில்லை. அவள் அங்கே நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் மாம்பழ சீசனில் அக்கா வீட்டுக்குப் போனால் மல்கோவாவை நறுக்கித் தட்டில் வைக்கும்போதே "உனக்கு இது வராது மாமா, எதுக்கு வேஸ்ட்டா" என்பாள்.

நடந்தது என்னவென்றால், கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரையும் எடுக்கிறது, அவருடைய லிஸ்ட்டை மேலே இருந்து கீழே பார்க்கிறது, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிடுகிறது. மேலே எட்டாத கல்லூரியைப் போட்டதால் கீழே இருப்பது பறிபோகாது. ஆகவே லிஸ்ட் போடும்போது கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்கவே வேண்டாம், கிடைத்தால் எதில் சேர ஆசை என்ற வரிசையில் மட்டும் போடுங்கள். நீளமாகப் போடுங்கள். ஒரே ஒரு விலக்கு: கிடைத்தாலும் கட்டணம் கட்ட முடியாத கல்லூரியைச் சேர்க்காதீர்கள், அதன் பெயரைச் சும்மா ஓர் அழகுக்கு வைத்துவிட்டு, அலாட் ஆனபிறகு டெபாசிட்டை இழந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். எம்.சி.சி.யில் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் நஷ்டமில்லை, அடுத்தடுத்த சுற்றுகளில் விதி இறுகிக்கொண்டே போகும், அந்த வருஷத்துத் தகவல் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

ஆசை வரிசையை எதை வைத்துப் போடுவது? கட்டடத்தைப் பார்த்து இல்லை, ஆஸ்பத்திரியைப் பார்த்து. சேலத்தையே எடுங்கள். மோகன் குமாரமங்கலம் கல்லூரி 1986-ல் வந்தது, கல்லூரி ஸ்டீல் பிளான்ட் ரோட்டில், ஆஸ்பத்திரி டவுன் நடுவில். முதல் வருஷம் உடற்கூறியல் எல்லாம் அங்கே, வார்டுக்கு வருவதென்றால் இங்கே. இந்த பஸ் பயணத்தைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ஆனால் நம் ஜி.ஹெச்.சில் ஒரு காலை வேளை ஓ.பி. சீட்டு வரிசையில் நின்று பாருங்கள், நாமக்கல், தர்மபுரி, கல்வராயன் மலை வரை ஆள் வந்திருக்கும், நெடுஞ்சாலை விபத்து எல்லாம் இங்கேதான் வந்து இறங்கும், பாம்புக்கடி வரும், பிரசவம் வரும். மருத்துவம் படிக்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகம் அந்த வரிசைதான். நாமக்கல், கிருஷ்ணகிரி மாதிரி 2022 ஜனவரியில் திறந்த புதுக் கல்லூரிகளில் கட்டடம் பளபளவென்று இருக்கும். பழைய கல்லூரியில் எல்லாத் துறையிலும் பி.ஜி. படிக்கிற சீனியர்கள் இருப்பார்கள், ராத்திரி டியூட்டியில் பக்கத்தில் நின்று சொல்லித்தருபவர்கள் அவர்கள்தான். போட்டி இரண்டுக்கும் இடையில் என்றால் நான் பழையதைத்தான் மேலே போடச் சொல்வேன். பிள்ளை ஹாஸ்டலில் இருக்குமா, வீட்டுச் சாப்பாடு இல்லாமல் ஒன்றுமே ஓடாதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்ட் நோட்டீஸ் என் கடைச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போகிறார்கள், கிழிக்கக் கிழிக்க. அதற்கும் நீட்டில் தகுதி வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வை 300 மார்க்குக்கு எழுதி 150 எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு இங்கே இன்னொரு வருஷ இன்டர்ன்ஷிப். அந்தத் தேர்வை எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூட ஒரு தடவையில் தேறுவதில்லை. ஏஜென்ட்டிடம் ஹாஸ்டலில் தென்னிந்தியச் சாப்பாடு உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பரீட்சையில் தேறினார்கள் என்று கேளுங்கள்.

சாய்ஸ் லாக் பண்ணும் நாளில் கடைசி மணி நேரம் வரை காத்திருக்க வேண்டாம், சர்வர் திணறும், என் கடையில் கரண்டும் போகும். முந்தின நாள் ராத்திரி லிஸ்ட்டைப் பேப்பரில் எழுதி, பிள்ளை ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் சேர்த்து. லாக் பண்ணியதும் பிரிண்ட் எடுங்கள், இரண்டு காப்பி. ஒரு காப்பி நான் இலவசமாகவே தருகிறேன்.